எடை குறைந்த பிறகு பசி ஏன் கூடுகிறது?

லெப்டின் கொழுப்புச் செல்களில் சுரக்கும் ஹார்மோன். உடலில் கொழுப்பு கூடினால் ரத்தத்தில் அதுவும் கூடும். மூளையின் ஹைப்போதலாமஸ் இதை வைத்துத்தான் கொழுப்புக் கையிருப்பைக் கணக்கிட்டு, பசியைக் கூட்டவோ குறைக்கவோ செய்கிறது. 1994-இல் ராக்ஃபெல்லர் பல்கலைக்கழகத்தில் ஜெஃப்ரி ஃப்ரீட்மன் குழு இதன் மரபணுவைக் கண்டறிந்தபோது, இனி லெப்டின் ஊசி போட்டால் உடல் பருமன் தீரும் என்று பலரும் நம்பினார்கள். தீரவில்லை. பருமனானவர்களில் பெரும்பாலோருக்கு லெப்டின் ஏற்கெனவே அதிகம்; மூளைதான் அதற்குச் சரியாகச் செவிசாய்ப்பதில்லை. பிறவியிலேயே லெப்டின் சுரக்காத அரிதான சிலருக்கு மட்டும் அந்த ஊசி அற்புதமாக வேலை செய்கிறது.

சிக்கல் எடை குறைக்கும்போதுதான். சாப்பாட்டைச் சட்டென்று வெட்டினால், கொழுப்பு பெரிதாகக் கரைவதற்கு முன்பே, சில நாட்களில் லெப்டின் சரிந்துவிடும். மூளை அதைப் பஞ்சம் என்று எடுத்துக்கொள்கிறது. உடல் கலோரி எரிக்கும் வேகத்தைக் கூட்டும் தைராய்டு ஹார்மோன் டி3 குறையும்; தசைகள் அதே வேலையைக் குறைந்த கலோரியில் முடிக்கும். இரைப்பையில் சுரக்கும் பசி ஹார்மோன் கிரெலின் ஏறும். 2011-இல் வெளியான மெல்பர்ன் ஆய்வில், எடை குறைத்து ஓராண்டு கழித்தும் லெப்டினும் கிரெலினும் பழைய நிலைக்குத் திரும்பவில்லை. மறுபடி எடை கூடியவரை மனக்கட்டுப்பாடு இல்லாதவர் என்று திட்டுவது அநியாயம்.

பட்டினி கிடக்காதீர்கள். தினம் 500 கலோரி குறைத்தால் போதும். ஒவ்வொரு வேளையும் பருப்பு, முட்டை, மீன் என ஏதாவது ஒரு புரதம், வாரம் 2 நாள் எடைப் பயிற்சி, இரவில் 7 மணி நேரத் தூக்கம். இன்சுலின் போடுபவர்கள் மருத்துவரைக் கேட்காமல் உணவைக் குறைக்கவே கூடாது.