புளியமரத்தடியில் முழங்காலிட்டவர்

எங்கள் திருநெல்வேலிப் பக்கத்து சி.எஸ்.ஐ. (புராட்டஸ்டன்ட்) சபைகளில் யாரும் ‘யாத்திரை போகிறோம்’ என்று சொல்லிக் கிளம்புவதில்லை. வேளாங்கண்ணிக்கு நடப்பதும் மணப்பாட்டுத் திருவிழாவுக்குப் போவதும் கத்தோலிக்கச் சொந்தக்காரர்களின் வழக்கம். நாங்கள் எங்கே போனாலும் ‘சும்மா ஒரு எட்டு பார்த்துவிட்டு வருவோம்’ என்றுதான் போவோம். நானும் பெரியம்மாவும் டோனாவூருக்குப் போனதும் அப்படித்தான். சபையின் பிரதிஷ்டைப் பண்டிகை முடிந்து, அசனப் பாத்திரங்களைக் கழுவி வாடகைக் கடைக்குத் திருப்பி அனுப்பிய அதே வாரம்.

அசனம் என்றால் வெளியூர்க்காரர்களுக்குத் தெரியாது. ஊரே ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடும் சோறு அது. முந்தின நாள் சாயங்காலமே பெண்கள் வட்டமாக உட்கார்ந்து சின்ன வெங்காயம் உரிக்க ஆரம்பிப்போம். விடிவதற்குள் விரல் நுனியெல்லாம் காந்தும். வடித்த சோற்றை ஓலைப்பாயில் மலைபோலக் கொட்டி, ஆவி பறக்கப் பறக்கக் கூடையில் அள்ளிப் பந்திக்குக் கொண்டுபோவார்கள். நான் குழம்பு வாளியோடு ஓடியவள். கடைசிப் பந்தியும் எழுந்த பிறகு, ஆறிப்போன சோற்றை நின்றுகொண்டே அள்ளிப் போட்டுக்கொண்டேன். உடம்பு வலி இரண்டு நாளில் போய்விடும். ‘எல்லாம் நம்ம தலையிலதானா?’ என்ற எரிச்சல்தான் போகவில்லை. (இயேசு வீட்டுக்கு வந்தபோது பந்தி வேலையில் அலைந்து, அவரிடமே குறைபட்ட மார்த்தாளைக் குறை சொல்லும் பிரசங்கங்களை நான் காதில் வாங்குவதே இல்லை. பிரசங்கம் முடிந்ததும் போதகர் ஐயருக்கு இலை போடுவது யார்?)

பெரியம்மாதான், “ஏட்டி, இப்பிடி மொகத்தத் தூக்கி வச்சுக்கிட்டு எத்தன நாளைக்கு இருப்ப? வா, டோனாவூரு வரைக்கும் போயிட்டு வருவோம்” என்றார்.

நாங்குநேரி தாண்டி ஏர்வாடிப் பக்கம் திரும்பியதும் மேற்குத் தொடர்ச்சி மலை நெருங்கி வந்துவிடுகிறது. களக்காட்டு வாழைத் தோட்டங்களுக்குப் பின்னால் நீல நிறத்தில் எழும்பி நிற்கிறது. ‘டோனா’ என்பது பிரஷ்ய நாட்டுப் பிரபு ஒருவரின் பெயர். 19-ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் மிஷனரி ரேனியஸ் இங்கே தேவாலயம் கட்ட அவர் பணம் அனுப்பினார், ஊருக்கு அவர் பெயரே நிலைத்துவிட்டது. ஆனால் இன்று டோனாவூர் என்றதும் யாருக்கும் நினைவுக்கு வருவது அந்தப் பிரபு அல்ல, ஏமி கார்மைக்கேல் அம்மா.

அயர்லாந்தில் 1867-இல் பிறந்தவர். 1895-இல் இந்தியாவுக்கு வந்தவர், 1951 ஜனவரி 18 அன்று இங்கேயே கண்மூடும்வரை ஒருமுறைகூட ஊர் திரும்பவில்லை. காப்பித்தூளைப் பூசித் தோலைக் கறுப்பாக்கிக்கொண்டு இந்துக் கோயில்களுக்குள் போனார் என்ற கதையைத்தான் ஓய்வுநாள் பள்ளியில் எங்களுக்குச் சொல்வார்கள். எனக்கு அந்தச் சாகசக் கதையில் பெரிய ஈர்ப்பு கிடையாது. அவர் தொட்டில் ஆட்டிய கதைதான் பெரிது.

1901-இல், பெருங்குளம் கோயிலுக்குத் தேவதாசியாகக் கொடுக்கப்பட்டிருந்த ஏழு வயதுச் சிறுமி ஒருத்தி தப்பித்துப் பண்ணைவிளையில் அவரிடம் வந்து சேர்ந்தாள். அதன்பின் ஒவ்வொன்றாக வந்தன குழந்தைகள், கைக்குழந்தைகள் உட்பட. ஊர் ஊராக மாட்டுவண்டியில் போய்ச் சுவிசேஷம் சொல்லிக்கொண்டிருந்த பெண்கள் திடீரென்று ஆயாக்களானார்கள். பால் புகட்டவும் பேதி பிடித்த பிள்ளையைக் கழுவவும் படித்த பெண்கள் யார் வருவார்கள்? அதை இழிவான வேலை என்று நினைத்த காலம். அம்மாவோடு ஊழியம் செய்த பொன்னம்மாள் முன்வந்தார், யாரும் தொடத் தயங்கிய வேலையைத் தானே எடுத்துச் செய்து, மற்றவர்களுக்கு வழி காட்டினார். ஊழியத்தை விட்டுவிட்டு இப்படிப் பிள்ளை வளர்த்துக்கொண்டிருப்பது சரிதானா என்று கார்மைக்கேல் அம்மாவுக்கே கேள்வி வந்திருக்கிறது. யோவான் 13-ஆம் அதிகாரம்தான் அவருக்குப் பதில் சொன்னது. ஆண்டவர் பந்தியிலிருந்து எழுந்து, ‘ஒரு சீலையை எடுத்து, அரையிலே கட்டிக்கொண்டு’ கால் கழுவினாரே. அவர் இடுப்பில் சீலையைக் கட்டியிருக்கும்போது நமக்கு எந்த வேலை இழிவு?

அந்தப் பிள்ளைகளுக்காக டோனாவூரில் அம்மா ஏற்படுத்திய இல்லத்துக்குள், முன்கூட்டிக் கேட்டு, அனுமதி வாங்கித்தான் போனோம். ஆட்கள் வாழும் வீடு அது, சுற்றிப் பார்க்கும் இடம் அல்ல. செம்மண் பாதை, ஓட்டுக் கூரைகள், 1927-இல் கட்டிய ஜெபவீடு. அந்தக் காலத்தில் இங்கே வெள்ளைக்காரப் பெண்களைப் பிள்ளைகள் ‘சித்தி’ என்றும், நம் பெண்களை ‘அக்கா’ என்றும், ஆண்களை ‘அண்ணாச்சி’ என்றும் கூப்பிட்டார்களாம். மேடம், ஐயா எதுவும் கிடையாது. கார்மைக்கேல் அம்மாவை அடக்கம் செய்த இடத்தில் கல்லறைக் கல் இல்லை, அவர் வேண்டாம் என்று சொல்லியிருந்தார். பிள்ளைகள் வைத்தது பறவைகள் தண்ணீர் குடிக்க ஒரு கல்தொட்டி மட்டும்.

ஒரு புளியமரத்தைப் பார்த்ததும் பெரியம்மா அதனடியில் உட்கார்ந்துவிட்டார். “இங்கதான்னு இல்ல, இதே மாதிரி ஒரு மரந்தான்” என்று சொல்லத் தொடங்கினார்.

அந்தக் கதை கார்மைக்கேல் அம்மாவே எழுதி வைத்தது. ஒருநாள் பாரம் தாங்க முடியாமல் போயிற்று. மீட்க முடியாமல் போன பிள்ளைகளின் நினைவு. அப்போது வீட்டைச் சுற்றி நின்ற புளியமரங்கள் ஒலிவ மரங்களாகத் தெரிந்தன. ஒரு மரத்தடியில் ஆண்டவர் தனியாக முழங்காலிட்டிருந்தார், சிலுவைக்கு முந்தின இரவு கெத்செமனே தோட்டத்தில் ஜெபித்தது போல. அந்தப் பாரம் தன்னுடையது அல்ல, அவருடையது என்று அம்மாவுக்குப் புரிந்தது. தன் பாரத்தில் பங்கெடுக்கும்படி தான் அவரைக் கேட்டுக்கொண்டிருக்கவில்லை. அவர்தான் தம் பாரத்தில் பங்கெடுக்கும்படி தன்னைக் கேட்டுக்கொண்டிருக்கிறார்.

இதை நான் முன்பே படித்திருக்கிறேன். ஆனால் தோள்பட்டை வலியோடு புளியமரத்து வேரில் உட்கார்ந்து கேட்டது இல்லை. ‘ஆண்டவரே, என் வேலையில் எனக்கு உதவி செய்யும்’ என்றுதான் இத்தனை வருடமும் ஜெபம் செய்து வந்திருக்கிறேன். அசனத்தன்றும் அதேதான். வேலை என்னுடையது, அவர் கூப்பிட்டால் ஒத்தாசைக்கு வருகிறவர். ‘என் நுகத்தை உங்கள்மேல் ஏற்றுக்கொண்டு, என்னிடத்தில் கற்றுக்கொள்ளுங்கள், அப்பொழுது, உங்கள் ஆத்துமாக்களுக்கு இளைப்பாறுதல் கிடைக்கும்’ என்கிற வசனத்தில் அவர் நுகத்தை இறக்கி வைக்கச் சொல்லவில்லையே! ஏற்றுக்கொள்ளத்தான் சொல்கிறார். பழகிய காளையோடு இளங்காளையைப் பூட்டி உழுகிறவர்களுக்கு இது புரியும். இளசு சும்மா கூட நடந்தால் போதும், இழுவை பெரும்பாலும் மூத்ததின் கழுத்தில்.

இளைப்பாறுதல் என்றதும் வலியில்லாத வாழ்க்கை என்று நினைத்துவிடக் கூடாது. கார்மைக்கேல் அம்மா 1931-இல் களக்காட்டில், வைத்திய ஊழியத்துக்காகத் தயாராகிக்கொண்டிருந்த வீட்டைப் பார்க்கப் போய், இருட்டில் ஒரு குழிக்குள் விழுந்து காலை முறித்துக்கொண்டார். அதற்குப் பிறகு ஏறக்குறைய 20 ஆண்டுகள், பெரும்பாலும் டோனாவூரில் தன் ஒரே அறைக்குள். தூக்கம் குறைவு, வலி அதிகம். அங்கிருந்தே புத்தகங்கள் எழுதினார், பிள்ளைகளுக்குச் சீட்டுச் சீட்டாகக் கடிதம் எழுதினார். ஓடியாடியவர் படுத்த பிறகும் டோனாவூரின் வேலை நிற்கவில்லை என்பதைத்தான் நான் அங்கே திரும்பத் திரும்ப யோசித்தேன். வேலை அம்மாவுடையதாக இருந்திருந்தால் அந்தக் குழியோடு முடிந்திருக்கும்.

கிளம்புமுன் பெரியம்மா பையிலிருந்து வேதப்புத்தகத்தை எடுத்து மாற்கு 6-ஆம் அதிகாரத்தை வாசித்தார். சீஷர்களுக்குச் சாப்பிடக்கூட நேரமில்லை என்று, ‘சற்றே இளைப்பாறும்படி போவோம் வாருங்கள்’ என்று ஆண்டவர் அழைத்துப் போகிறார். படகை விட்டு இறங்கினால், அங்கேயும் ஜனக்கூட்டம் காத்திருக்கிறது. ஓய்வெடுக்கப் போனவர்கள், கையிலிருந்த ஐந்து அப்பத்தையும் இரண்டு மீனையும் வைத்து 5,000 பேருக்குப் பந்தி பரிமாற வேண்டியதாயிற்று. “ரொட்டியப் பிட்டது யாருட்டி? அவரு. இவங்க வாங்கி வாங்கி வச்சாங்க, அவ்வளவுதான்” என்றார் பெரியம்மா. “கடைசியில பன்னிரண்டு கூடை மிச்சம். பரிமாறுனவங்க பட்டினியா போகல.”

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஆறின சோற்றைப் பற்றி நான் புலம்பியது முழுவதும் அவர் காதில் விழுந்திருக்கிறது.

ஏர்வாடியில் பஸ் ஏறி ஜன்னலோரம் இடம் கிடைத்ததும் கேட்டேன்: “பெரியம்மா, அடுத்த வருஷம் பரிமாறுறதுக்கு வாலிபர் சங்கத்துப் பையன்களையும் சேத்துக்கிடலாமா? எல்லாத்தையும் நானே தூக்கிக்கிட்டு ஓட வேண்டாம்லா?”

“தாராளமா சேத்துக்கோ” என்றார் பெரியம்மா, கண்டக்டரிடம் சில்லறையை எண்ணிக் கொடுத்துக்கொண்டே. “சோறு, சாம்பார், ரசம் எல்லாத்தையும் அவனுவட்ட குடு. கறி வாளிய மட்டும் குடுத்துராத. மொதப் பந்தியிலயே கூட்டாளிமாருக்கு அள்ளி வச்சிட்டு, கடைசிப் பந்திக்கு வெறும் எலும்பக் கொண்டாருவானுவ.”