மனுவில் மாறிய சொற்கள்

நாங்கள் ஏழு பேர் மூன்று மாலை உட்கார்ந்து எழுதிய மனு அது. பேருந்தில் சக்கர நாற்காலி ஏற சாய்தளம் வேண்டும், அடுத்த நிறுத்தத்தின் பெயரைக் குரலில் அறிவிக்க வேண்டும், அவ்வளவுதான். எங்களில் ஒருவருக்குப் பேச்சு மெதுவாகத்தான் வரும். கடைசி வரியை அந்த நண்பர்தான் சொன்னார். சொல்லி முடிக்கும்வரை பேனாவைக் கீழே வைத்துவிட்டுக் காத்திருந்தோம். 'இது எங்கள் உரிமை, கோருகிறோம்.'

அச்சடித்துத் தருவதாகச் சொன்ன தொண்டு நிறுவனத்திலிருந்து அது திரும்பி வந்தபோது, 'இந்த உதவியைச் செய்யுமாறு பணிவுடன் வேண்டுகிறோம்' என்று மாறியிருந்தது. மேலே அவர்களுடைய சின்னம். கேட்டால், நன்கொடையாளர்கள் முகம் சுளிப்பார்களாம். நண்பர் அந்த வரியின் மேல் விரலை வைத்து இரண்டு முறை படித்தார். ஒன்றும் பேசவில்லை. அவர்கள் கெட்டவர்கள் இல்லை. என் முதல் சக்கர நாற்காலியே அவர்கள் கொடுத்ததுதான். அதனால்தான் இன்னும் வலித்தது.

எங்களுக்காக யார் பேசுவது என்பது பழைய சண்டை. 1980இல் கனடாவின் வின்னிபெக் நகரில் மறுவாழ்வுத் துறையினரின் உலக மாநாடு நடந்தது. பிரதிநிதிகளில் பாதிப் பேர் மாற்றுத்திறனாளிகளாக இருக்கட்டும் என்ற கோரிக்கை அங்கே தோற்றது. வந்திருந்த மாற்றுத்திறனாளிகள் தனியே கூடினார்கள். அடுத்த ஆண்டே சிங்கப்பூரில் சொந்தமாக ஓர் உலக அமைப்பைத் தொடங்கிவிட்டார்கள். எங்களைப் பாதிக்கும் முடிவுகளை எங்கள் அமைப்புகள் வழியாக எங்களையே கலந்து எடுக்க வேண்டும் என்று மாற்றுத்திறனாளிகளின் உரிமைகள் பற்றிய 2006ஆம் ஆண்டின் ஐ.நா. உடன்படிக்கையும் சொல்கிறது.

அதற்காக வெளியார் துணையே வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். 1977 ஏப்ரலில் அமெரிக்காவின் சான் ஃபிரான்சிஸ்கோவில், தங்களைப் பாகுபடுத்துவதைத் தடுக்கும் சட்ட விதிகளில் அரசு கையெழுத்திட வேண்டும் என்று நூற்றுக்கும் மேற்பட்ட மாற்றுத்திறனாளிகள் அரசுக் கட்டடத்துக்குள் மூன்று வாரத்துக்கும் மேலாக உட்கார்ந்திருந்தார்கள். கறுப்பின மக்களின் உரிமைக்காகப் போராடிய பிளாக் பாந்தர் கட்சியினர் தினமும் சூடான சாப்பாடு கொண்டுபோய்க் கொடுத்தார்கள். ஆனால் போராட்டத்தை நடத்தியது ஜூடி ஹியூமன் போன்ற மாற்றுத்திறனாளிகள்தான். ஏப்ரல் 28 அன்று அந்த விதிகளில் கையெழுத்தும் விழுந்தது.

சரி, எங்கள் மனுவுக்கு வருகிறேன். பழைய வரியையே திரும்ப எழுதினோம். வேறொரு அமைப்பிலிருந்து ஓர் அம்மா வந்து, "உங்களுக்கு என்ன வேண்டும்?" என்று மட்டும் கேட்டார். சைகைமொழி பெயர்ப்பாளருக்குக் கூலி, போய்வர வண்டி, பிரதி எடுக்கக் காசு என்றோம். மூன்றும் வந்தன. மனு கொடுத்த அன்று அவர் கடைசி வரிசையில் உட்கார்ந்துகொண்டார். நண்பர் தன் வரியைத் தானே படித்தார். அவர் முடிக்கும்வரை மனுவை வாங்கிய அதிகாரியும் பேனாவைக் கீழே வைத்துவிட்டுக் காத்திருந்தார்.