பீலித் தண்ணியும் பன்னீரும்

சுருட்டை முடிக்காரர்களுக்கு இலங்கை மலையகத்து ஹட்டனில் ஜூன் மாதம் ஒரு தண்டனை. காலையில் தலையை நனைத்து, சுருள் சுருளாகப் பிரித்துவிட்டுத்தான் வாசலைத் தாண்டுவேன். பஸ் வருவதற்குள் மூடுபனி தலையைத் தடவிவிட்டுப் போயிருக்கும், வேலைக்குப் போய் இறங்கும்போது தூக்கணாங்குருவிக் கூடு. அப்பாயி பார்த்தால் "எண்ணெ வச்சு இழுத்துப் பின்னுடி" என்பார். அந்த எண்ணெயோ போத்தலுக்குள் வெள்ளைக் கட்டியாக உறைந்து கிடக்கும். 24 பாகை செல்சியஸுக்குக் கீழே போனால் தேங்காயெண்ணெய் அப்படித்தான், எங்கள் வீட்டில் அதற்கு அடுப்போரம்தான் நிரந்தர இடம்.

கடையில் விற்கும், முடிக்கு அடிக்கும் வாசனை ஸ்ப்ரே விலைக்கு ஒரு வாரச் சாமான் வாங்கலாம். அதனால் வீட்டிலேயே செய்யத் தொடங்கினேன். முதல் தடவை பன்னீரில் கிளிசரினைத் தாராளமாக ஊற்றிவிட்டேன், இரண்டு மேசைக்கரண்டி. முடி பிசுபிசுத்து, இன்னும் ஊதிவிட்டது. கிளிசரின் காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக்கொள்ளும். எங்கள் ஊர் மழைக்காலக் காற்றில் இழுப்பதற்கு ஈரம் கொஞ்சநஞ்சமா என்ன? இப்போது 100 மில்லி பன்னீருக்கு அரைத் தேக்கரண்டிதான். மழை மாதங்களில் அதுவும் இல்லை, ஒரு கரண்டி கற்றாழைச் சாறு மட்டும். மடலை வெட்டிச் சாய்த்து வைத்து அந்த மஞ்சள் பாலை வடியவிட்டு எடுக்க வேண்டும், இல்லையென்றால் தலை அரிக்கும்.

பன்னீரை நானே வடிக்கிறேன். பெரிய பானையின் நடுவே ஒரு கல், கல்லின் மேல் ஒரு கிண்ணம், சுற்றிலும் ரோஜா இதழ், இதழ் மூழ்குமளவு தண்ணீர். மூடியைக் கவிழ்த்து வைத்து மெல்லிய தீயில் விட்டால் ஆவி மூடியில் பட்டுக் குளிர்ந்து, நடுக்குமிழ் வழியாகச் சொட்டுச் சொட்டாகக் கிண்ணத்தில் விழும். மூடிக்கு மேல் ஐஸ் போடச் சொல்கிறார்கள். எங்களுக்கு எதற்கு ஐஸ், மலை ஊற்றிலிருந்து குழாய் வழியாக விழும் பீலித் தண்ணி போதும், விரலே விறைத்துப் போகும். சூடேறச் சூடேற மாற்றி மாற்றி ஊற்றினால் சரி. ஆனால் பூ உங்கள் முற்றத்துப் பூவாக இருக்கட்டும். கடைப் பூவில் என்ன மருந்து அடித்தார்களோ.

அப்புறம் அந்த யூக்கலிப்டஸ் கதை. மணம் போதவில்லை என்று தைலத்தில் பத்துச் சொட்டைப் போத்தலுக்குள் விட்டுக் குலுக்கினேன். பத்து நாள் அடித்தும் ஒரு மணமும் வரவில்லை, தைலம் பழசு என்று நினைத்தேன். எண்ணெய் தண்ணீரில் கரையாது, மேலே மிதக்கும். ஸ்ப்ரேயின் குழாயோ அடியிலிருந்துதான் உறிஞ்சும். கடைசி நாள், தண்ணீரெல்லாம் தீர்ந்து, மிதந்த தைலம் முழுவதும் மொத்தமாக நெற்றியில் இறங்கியது. கண் எரிந்து, பஸ் நிறுத்தத்தில் யாரோ செத்துப்போன மாதிரி அழுதுகொண்டு நின்றேன். வாசனைத் தைலம் சேர்க்கத்தான் வேண்டுமென்றால் அதைக் கரைக்கும் பொலிசோர்பேட் 20 வேண்டும். நான் அந்தப் பக்கமே போவதில்லை, ரோஜாவே போதும்.

கெடாமல் வைக்கும் மருந்து எதுவும் சேர்ப்பதில்லை என்பதால் சின்னப் போத்தலாகச் செய்து பிரிட்ஜில் வைக்கிறேன். கற்றாழை சேர்த்ததை நாலைந்து நாளுக்கு மேல் வைப்பதில்லை, மணம் மாறினால் அதற்கு முன்பே கொட்டிவிடுவேன். ஈரத் தலையில் ஒரு கை தூரத்திலிருந்து அடித்து, கீழிருந்து மேலாக உள்ளங்கையால் கசக்கிவிட்டு விட வேண்டும். காய்ந்த பிறகு சீப்பைத் தொடவே கூடாது.

நேற்று அப்பாயி போத்தலை எடுத்து மோந்து பார்த்து, "சாமி வீட்டு மணமா இருக்கே" என்று தன் கொண்டையில் இரண்டு தரம் அடித்துக்கொண்டார். பிரிட்ஜிலிருந்து அப்போதுதான் எடுத்தது. பின்கழுத்தில் சில்லென்று பட்டதும் எனக்கு விழுந்த திட்டு அடுத்த லயத்து வீட்டு வரிசைக்கே கேட்டிருக்கும்.