முளை ஒன்றும் அசையவில்லை

"முளை ஒன்றும் அசையவில்லை, சார்" என்றுதான் நான் முதலில் சொன்னேன். நள்ளிரவு இரண்டு மணி தாண்டியிருந்தது. சரிந்து கிடந்த கூடாரக் கித்தானுக்கு அடியிலிருந்து மாணவர்களை ஒவ்வொருவராக வெளியே இழுத்துத் தலை எண்ணிக்கொண்டிருந்தோம். ஒரு பையன் வலது தோளை இடது கையால் தாங்கியபடி மண்ணில் உட்கார்ந்திருந்தான். அவர்களை அழைத்து வந்திருந்த ஆசிரியர் டார்ச் வெளிச்சத்தை என் பக்கம் திருப்பி, "எப்படிப்பா விழுந்தது?" என்று கேட்டார். அந்தப் பையனுக்கு என்ன ஆயிற்று என்று நான் அதுவரை கேட்டிருக்கவில்லை. ஆனால் கூடாரக் கயிற்றைக் கட்டத் தரையில் அடித்திருந்த காற்றுப் பக்கத்து முளைகள் எல்லாவற்றையும் காலால் உதைத்துப் பார்த்து முடித்திருந்தேன்.

வாடகைக் கூடாரத் தொழிலில் இருப்பவன் எதற்குப் பயப்படுவான் என்பதை வைத்துத்தான் இந்தப் பதிலை நான் எனக்கே நியாயப்படுத்திக்கொள்கிறேன். கூடாரம் விழுந்தால் எல்லோரும் முதலில் கேட்பது "ஒழுங்கா அடிச்சியா?" என்பதுதான். அந்தக் கேள்வி வருவதற்கு முன்பே நான் அதற்குப் பதில் சொல்லிவிட்டேன். அதில் பொய் இல்லை. உண்மையாக இருந்தது என்பதே பிறகு என்னை உறங்கவிடாத விஷயமாகிவிட்டது.

2019 ஆம் ஆண்டு, ஆனி மாதக் கடைசி. ஆரல்வாய்மொழிப் பக்கம், வற்றிய குளம் ஒன்றின் கரையோரத்தில் மூன்று நாள் மாணவர் முகாம். தென்மேற்குக் காற்று மலைகளுக்கு நடுவில் உள்ள கணவாய்க்குள் நெருக்கிக்கொண்டு நுழையும் இடம் அது. காற்றாலைகளை அங்கே கொண்டுபோய் நட்டவர்கள் காரணம் இல்லாமல் நடவில்லை. 30 அடிக்கு 15 அடி அளவில் இரண்டு கித்தான் கூடாரங்கள் கேட்டிருந்தார்கள். ஒன்று கரைக்கு மேல் சரல் மண்ணில் நின்றது. மற்றொன்று சற்றுக் கீழே, வெடித்துக் காய்ந்த குளத்துக் களிமண்ணில் நின்றது. இரண்டுக்கும் இடையே ஐம்பது அடி தூரம்கூட இருக்காது; ஆனால் முளை அடிப்பவனுக்கு அவை இரண்டு வேறு ஊர்கள்.

எங்கள் குமரி மாவட்டத்தில் இந்த வேலையைக் கற்றுக்கொண்டவனுக்கு மண்ணைப் பற்றிச் சொல்ல நிறைய இருக்கும். சொத்தவிளை, சங்குத்துறை கடற்கரை மணலில் மூன்றடிக் கம்பியை முழுவதும் இறக்கினாலும் மறுநாள் அதை ஒரு கையால் உருவிவிடலாம். அங்கே முளையே கூடாது. சாக்கில் மணலை நிரப்பி, அதன் நடு வயிற்றில் கயிற்றைக் கட்டி, இழுவைக்குக் குறுக்காக இரண்டடி ஆழத்தில் புதைத்து, மேலே தண்ணீர் ஊற்றி மிதித்துவிட வேண்டும். காய்ந்த மணல் ஒன்றையொன்று பிடிக்காது, ஈர மணல் பிடிக்கும் என்பது கடற்கரையில் வீடு கட்டி விளையாடிய பிள்ளைகள் எல்லோருக்கும் தெரிந்ததுதான். (மணவாளக்குறிச்சிப் பக்கம் ஒருமுறை கருமணலில் சாக்கு நிரப்பிவிட்டு, அதை இரண்டு பேர் சேர்ந்தும் தூக்க முடியாமல் விழித்திருக்கிறோம். கருமணலில் இருக்கும் இல்மனைட் என்ற கனிமம் அதே பருமனுள்ள சாதாரண மணலைப் போல ஒன்றரை மடங்குக்கு மேல் கனம் என்று பின்னால்தான் தெரிந்தது.) கல்குளம், விளவங்கோடு பக்கத்து வெட்டுக்கல் பூமியில் மரமுளையின் நுனி பூப்போல விரிந்துவிடும், அங்கே இரும்புக் கம்பியும் சம்மட்டியும் இல்லாமல் வேலை நடக்காது. பாதி இறங்கியதும் கம்பி நின்றுவிட்டால், வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் தலையில் கயிற்றைக் கட்டாமல் தரையை ஒட்டிக் கட்ட வேண்டும். தலையில் கட்டினால் காற்று அதை நெம்புகோலாக்கிக்கொள்ளும். இவற்றையெல்லாம்விட மோசமானது களிமண். காய்ந்திருக்கும்போது சிமென்ட் போலப் பிடிக்கும். ஒரு மணி நேரச் சாரல் போதும், மேல் நான்கு விரல் மண் இளகி, கயிறு ஆட ஆட முளை தன் குழியைத் தானே அகலமாக்கிக்கொள்ளும்.

எங்களிடம் பதினாறு ஆங்கிள் முளைகள் இருந்தன. மூன்றடி நீளம், L வடிவ இரும்புச் சட்டத்தைப் பட்டறையில் வெட்டிக் கூராக்கியவை. மீதியெல்லாம் இரண்டடிப் புளியமர முளைகள். ஆங்கிள் முளைகள் முழுவதையும் மேல் கூடாரத்துக்கே கொடுப்பது என்று நான் முடிவு செய்தேன். காற்று நேராக மோதுவது அதன்மேல்தான். சரல் மண்ணில் புளிய முளை இறங்காது. இரவு அதிகம் பேர் படுக்கப்போவதும் அதில்தான். இந்த மூன்று காரணங்களையும் இன்று அலசிப் பார்த்தாலும் எதிலும் தவறு தெரியவில்லை. காற்றுப் பக்கத்துக் கயிறுகளுக்கு இரட்டை முளை போடவும் சொன்னேன். முன்முளையின் தலையிலிருந்து பின்முளையின் அடிக்கு ஒரு கட்டு. அப்படிக் கட்டினால் முன்முளை சாய நினைத்தாலும் பின்முளை அதைச் சாயவிடாது.

அப்போதுதான் பாட்டா அந்தக் கேள்வியைக் கேட்டார். எங்களிடம் வேலை செய்தவர்களில் மூத்தவர் அவர். சவுக்குக் கம்பும் பனையோலையும் வைத்துப் பந்தல் போட்ட காலத்திலிருந்து இந்தத் தொழிலில் இருப்பவர். என்னை எப்போதும் "மக்ளே" என்றுதான் கூப்பிடுவார். நான் சொல்வது பிடிக்காதபோது மட்டும் "சாரே" ஆகிவிடுவேன். அன்று முளை அடிக்கும் மரச்சுத்தியலான கொட்டாப்புளியைத் தரையில் ஊன்றிக்கொண்டு, "எல்லாத்தையும் ஒண்ணுபோலப் பிடிக்க வச்சா, பெறகு எதுதான் சாரே விட்டுக்குடுக்கும்?" என்றார்.

"எதுவும் விட்டுக்கொடுக்கக் கூடாது பாட்டா, அதுக்குத்தானே வாடகை வாங்குறோம்" என்றேன் நான்.

சுற்றி நின்ற பையன்கள் சிரித்தார்கள். பாட்டா சிரிக்கவும் இல்லை, கோபப்படவும் இல்லை. கீழ்க் கூடாரத்துக்குப் போய்ப் புளிய முளைகளை அடிக்கத் தொடங்கினார். அவர் கேட்ட கேள்விக்கு அது பதில் இல்லை என்பது அந்த நிமிடத்திலேயே எனக்குத் தெரிந்திருந்ததா, அல்லது விழுந்த பிறகு தெரிந்ததை முன்னே கொண்டுபோய் ஒட்டிக்கொள்கிறேனா என்பதை இன்றும் பிரித்துப் பார்க்க முடியவில்லை.

மாலையில் சாரல் பெய்தது. நைலான் கயிறு நனைந்தால் தளரும் என்பதால் மேல் கூடாரத்துக் கயிறுகளை நானே சுற்றி வந்து இழுத்து முறுக்கினேன். பழைய பருத்திக் கயிறு இதற்கு நேர் எதிரானது; நனைந்தால் இறுகும், அதைத் தளர்த்திவிட வேண்டும். கீழ்க் கூடாரத்தில் பாட்டா என்ன செய்தார் என்று நான் போய்ப் பார்க்கவில்லை.

காற்றின் வேகம் இரு மடங்கானால் அதன் அழுத்தம் நான்கு மடங்காகும். மணிக்கு 36 கிலோமீட்டர் காற்று ஒரு சதுர மீட்டரில் ஏறத்தாழ 6 கிலோ கனத்துக்குச் சமமாக அழுத்தும். 72 கிலோமீட்டரில் அது 24 கிலோ. எங்கள் கூடாரத்தின் நீளப்பக்கம் 22 சதுர மீட்டர் வரும். அப்படியானால் முதல் காற்றில் 130 கிலோ, இரண்டாவதில் 500 கிலோவுக்கு மேல். கணவாய்க் காற்று சீராக அடிப்பதில்லை, நின்று நின்று குத்தும். அந்த இரவு அது எந்த வேகத்தைத் தொட்டது என்று அளக்க எங்களிடம் எதுவும் இல்லை. மேல் கூடாரத்தில் முளைகள் இழுவையைத் தாங்கின. கயிறுகள் தாங்கின. இரண்டு துண்டாகச் சேர்த்திருந்த நடுக்கால் குழாய் இணைப்பில் மடங்கியது. மேல்பாதி, கூரை உச்சியைத் தாங்கும் மோட்டுக் குழாயோடு சேர்ந்து உள்ளே விழுந்தது. பையனுக்குக் காறையெலும்பு முறிந்தது. அந்தக் குழாய் ஓர் அடி தள்ளி விழுந்திருந்தால் தலை. இந்த வரியை எழுதாமல் விட்டுவிடத்தான் நினைத்தேன்.

கீழ்க் கூடாரத்தில் காற்றுப் பக்கத்துப் புளிய முளைகள் மூன்று, இளகிய களிமண்ணிலிருந்து உருவிக்கொண்டன. கூடாரம் ஒருபக்கமாகப் படுத்தது. உள்ளே இருந்தவர்கள் மறுபக்கத்து மடிப்பு வழியாகத் தவழ்ந்து வெளியே வந்தார்கள். யாருக்கும் ஒரு கீறல்கூட இல்லை.

இந்த இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பவர் பாட்டா சொன்னதுதான் சரி என்று உடனே சொல்லிவிடுவார். நானும் சில மாதங்கள் அப்படித்தான் நம்பினேன். ஒக்கிப் புயல் அடித்த 2017 நவம்பரில் எங்கள் பக்கத்துத் தோட்டங்களில் ரப்பர் மரங்கள் சில வேரோடு சாய்ந்து கிடந்தன. சில, வேர் மண்ணை விடாமல், நடுவில் முறிந்து நின்றன. பிடி விடாதது முறியும் என்பதற்கு அதையே சாட்சியாக எடுத்துக்கொண்டேன். ஆனால் சாய்ந்த மரமும் பிழைக்கவில்லை என்பதை அப்போது வசதியாக மறந்துவிட்டேன். கீழ்க் கூடாரத்தில் உருவிய முளைகளில் ஒன்று கயிற்றின் நுனியில் சுழன்று போய்த் தண்ணீர்க் கேனை அடித்து உடைத்திருந்ததையும் மறந்தேன். கேன் இருந்த இடத்தில் ஒரு மாணவன் நின்றிருந்தால் இந்தக் கட்டுரையை நான் வேறு தலைப்பில் எழுதிக்கொண்டிருப்பேன். ஒரு முளை விட்டால் அதன் பாரம் பக்கத்து முளைக்குப் போகும், அதுவும் விட்டால் அதற்கடுத்ததற்குப் போகும். கூடாரம் மெதுவாகத்தான் படுக்கும் என்பதற்கு எந்த உறுதியும் கிடையாது. மேலும் பாட்டா அந்த முளைகளை விட்டுக்கொடுப்பதற்காகவே அடித்தாரா? நான்தான் ஆங்கிள் முழுவதையும் எடுத்துக்கொண்டேனே. அவர் கையில் மிஞ்சியது அதுதான். களிமண் இளகியது சாரலால். அதை அவருடைய ஞானம் என்று நான் சொன்னால், அது என் குற்றவுணர்வு அவருக்குச் செய்யும் மரியாதையாகத்தான் இருக்கும்.

இதைவிட எளிமையான ஒரு காரணம் இருக்கிறது. அதைச் சொல்வதற்கு எனக்கு இரண்டு ஆண்டுகள் ஆயின. கால் எவ்வளவு உயரமோ அவ்வளவு தூரம் தள்ளி முளை அடிக்க வேண்டும் என்பது எங்கள் தொழிலின் அரிச்சுவடி. ஒன்பதடிக் காலுக்கு ஒன்பதடி தூரம். மேல் கூடாரத்தின் காற்றுப் பக்கத்தில் சீமைக்கருவேலப் புதர் இருந்தது. அதை வெட்ட ஒரு மணி நேரம் ஆகும். வெளிச்சம் போய்க்கொண்டிருந்தது, நான் ஆறடியிலேயே அடிக்கச் சொன்னேன். கயிறு செங்குத்தாக நிற்க நிற்க, அது கூடாரத்தைப் பக்கவாட்டில் பிடிப்பதோடு நிற்காமல் காலைக் கீழ்நோக்கியும் அழுத்தும். ஒன்பதடியில் நூறு கிலோ பக்கவாட்டு இழுவைக்குக் காலின் மேல் நூறு கிலோ இறங்கும், ஆறடியில் நூற்றைம்பது. காலை மடக்கியது முளையின் பிடி இல்லை, என் அவசரம். ஆனால் அந்தக் காலை மடக்கும் அளவுக்கு இழுவையைத் தாங்கி நின்றது முளையின் பிடிதான். இங்கே வந்ததும் மறுபடியும் பாட்டாவின் கேள்விக்கே திரும்பி வந்துவிடுகிறேன்.

இப்போதும் நான் ஆங்கிள் முளைகளைத்தான் பயன்படுத்துகிறேன். இன்னும் பத்து வாங்கிச் சேர்த்திருக்கிறேன். ஒன்பதடியை டேப் வைத்து அளக்கிறேன். நடுக்கால்களை ஒரே குழாயாக மாற்றிவிட்டேன். இவை போக, காற்றுக் காலத்தில் பக்கத் திரைகளை மட்டும் கயிற்றால் கட்டாமல் மெல்லிய நூலால் கட்டச் சொல்கிறேன். காற்று முறுக்கினால் நூல் அறுந்து திரை பறக்கட்டும், சட்டத்துக்குப் பாரம் குறையட்டும் என்பது கணக்கு. சென்ற ஆண்டு ஒரு கல்யாண வீட்டில் சாதாரணக் கடற்காற்றுக்கே நூல் அறுந்து, திரை சாம்பார் வாளியில் விழுந்து, பேசிய வாடகையில் பாதிதான் கைக்கு வந்தது. மறுநாளே கயிற்றுக்கு மாறினேன். அதற்கடுத்த ஆனியில் மறுபடி நூலுக்கு வந்தேன். இதில் எது என் தீர்மானம் என்று கேட்டால் மாதத்தைப் பார்த்துத்தான் சொல்ல வேண்டும்.

கூடாரம் விழுந்த அன்று விடிந்ததும், பையனை ஆசிரியரோடு மருத்துவமனைக்கு அனுப்பிவிட்டு, முளைகளைப் பிடுங்கத் தொடங்கினோம். கீழே மிஞ்சி நின்ற புளிய முளைகள் கையோடு வந்தன. மேலே ஒவ்வொரு ஆங்கிளுக்கும் கடப்பாரை தேவைப்பட்டது. பதினைந்து வந்தன. ஓரத்தில் இருந்த ஒன்று, இரண்டு பேர் நெம்பியும், சுற்றி ஓர் அடிக்குத் தோண்டியும் வரவில்லை. ஏதோ பாறை இடுக்கில் போய்க் கடித்துக்கொண்டிருந்தது. கணக்கில் ஒன்று குறைந்தால் முதலாளிக்குப் பதில் சொல்ல வேண்டுமே என்று நான் மறுபடியும் கடப்பாரையை எடுத்தேன். பாட்டா என் கையிலிருந்து அதை வாங்கி வண்டியில் போட்டார்.

"விடுங்க சாரே, அது அங்ஙனயே நிக்கட்டும். யாராவது மாடு கட்டுவாவ."