வரிசையாக எடுத்த ஐம்பது

சிங்கப்பூர் உட்லண்ட்ஸில் ஒரு மின்னணுத் தொழிற்சாலையில் கியூசியாக, அதாவது தரம் பார்ப்பவனாக, இருந்தபோது நடந்தது. மணிக்கு ஒரு தடவை லைனிலிருந்து 50 சர்க்யூட் போர்டு எடுத்து, லென்சுக்கு அடியில் வைத்து சால்டரிங் சரியா என்று பார்ப்பேன். பழுது எத்தனை என்று ஷீட்டில் எழுதுவேன்.

சராசரியாக நூற்றுக்கு இரண்டு பழுது. ஈருறுப்புப் பரவல்படி (பைனோமியல்: ஒவ்வொன்றும் பழுது அல்லது சரி என்று இருக்கும்போது, இத்தனை பழுது வர எவ்வளவு வாய்ப்பு என்று சொல்லும் கணக்கு), 50இல் ஒன்றுகூடப் பழுதில்லாமல் வர 36 சதவீத வாய்ப்பு. மூன்றோ அதற்கு மேலோ வர 8 சதவீதம். மூன்று என்றால் கவனி, ஆறு என்றால் லைனை நிறுத்து என்று எக்செல்லில் ஒரு பட்டியல் போட்டுச் சுவரில் ஒட்டினேன். கொஞ்சம் பெருமையும் இருந்தது.

பட்டியல் ஒரு மாதம்கூடத் தாங்கவில்லை. மணிக்கணக்காக சைபர் வரும், திடீரென்று ஏழு வரும். என் கணக்கில் ஆறோ அதற்கு மேலோ வருவது பத்தாயிரத்தில் ஐந்து தடவைதான். எங்களுக்கு வாரத்துக்கு இரண்டு தடவை வந்தது. மெஷினைச் சந்தேகப்பட்டேன், சால்டர் பேஸ்ட் சப்ளையரைச் சந்தேகப்பட்டேன். பைனோமியல் மேல் மட்டும் சந்தேகமே வரவில்லை.

ஸ்டென்சில் என்ற ஓட்டைத் தகடு வழியாகப் போர்டில் பேஸ்ட் பூசும் பிரிண்டரைப் பார்த்துக்கொண்டது ஜொகூரிலிருந்து விடியுமுன்னே காஸ்வே தாண்டி வரும் ஓர் அக்கா. என் ஷீட்டை எட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: “ஸ்டென்சில் ஓட்டை அடைச்சுக்கிட்டா அடுத்தடுத்து எல்லாப் போர்டும் கெட்டுப்போகும் தம்பி. நான் துடைச்சாத்தான் நிக்கும். நீங்க வரிசையா அம்பது எடுக்கிறீங்களே?”

அவ்வளவுதான். ஒரு போர்டு கெட்டால் அடுத்ததும் கெட வாய்ப்பு அதிகம். ஒன்றையொன்று சாராமை அங்கேயே போயிற்று. துடைத்த கையோடு வரும் போர்டுக்கும் துடைத்து வெகுநேரம் கழித்து வரும் போர்டுக்கும் பழுதாகும் நிகழ்தகவு ஒன்றில்லை. அது மாறாமல் இருக்கும் என்பதும் போயிற்று. சராசரி மட்டும் அதே இரண்டு சதவீதத்தில் நின்று என்னை ஏமாற்றியது. அப்புறம் மணி நேரம் முழுக்கப் பரவலாக எடுத்தேன். எந்த வரிசை எண்ணில் பழுது என்பதையும் எழுத ஆரம்பித்தேன்.

பைனோமியலின் மற்ற நிபந்தனைகளில் இவ்வளவு பாடுபடவில்லை. எண்ணிக்கை 50 என்று முன்பே முடிவாகியிருந்தது. ‘டச்-அப் செய்தால் சரியாகிவிடும்’ என்று மூன்றாவதாக ஒரு குவியல் இருந்தது. பழுது, சரி என்று இரண்டே முடிவு இருக்க வேண்டும் என்பதால் அதையும் பழுதிலேயே சேர்த்தோம். நாற்பதே போர்டு உள்ள சின்ன லாட்டில் பத்தை எடுத்துத் திருப்பி வைக்காமல் பார்த்தபோது பைனோமியலைத் தொடவில்லை. ஒன்றை எடுத்ததுமே மிச்சத்தில் விகிதம் மாறிவிடுகிறதே.

போன வாரம் ஜூனியர் காலேஜில் படிக்கும் மகள் ஏ லெவல் எச்2 கணக்கு நோட்டை நீட்டினாள். பைனோமியல் பொருந்த ‘சூழலோடு சேர்த்து இரண்டு அனுமானங்கள் எழுதுக’ என்ற வகைக் கேள்வி. “நிகழ்தகவுகள் ஒன்றையொன்று சாராதவை” என்று எழுதியிருந்தாள். “சாராமல் இருக்க வேண்டியது ஒரு போர்டு பழுதாவதும் இன்னொன்று பழுதாவதும், நிகழ்தகவு மாறாமல் இருந்தால் போதும்” என்றேன்.

“போர்டா? கேள்வியில பல்புப்பா” என்றாள்.