பெத்லகேமில் குபூஸ், எருசலேமில் லெஹெம்

பெத்லகேம் என்றால் 'அப்பத்தின் வீடு' என்று பிரசங்கத்தில் கேட்காத தமிழ்க் கிறிஸ்தவர்கள் குறைவு. எபிரெயத்தில் பேத் என்பது வீடு, லெஹெம் என்பது ரொட்டி. ஆனால் அந்த ஊர்க் கடையில் போய் 'லெஹெம்' என்று கேட்டால் கறிக்கடைப் பக்கம் கைகாட்டினாலும் காட்டுவார்கள். அங்கே பேசுவது அரபு. அரபில் லஹ்ம் என்றால் இறைச்சி. ரொட்டிக்குக் குப்ஸ், வளைகுடா போய்வந்தவர்கள் சொல்லும் அதே குபூஸ்.

லெஹெமும் லஹ்மும் ஒரே வேரில் பிறந்தவை. எது முக்கிய உணவோ அதுவே அந்தச் சொல்லுக்குப் பொருளாயிற்று என்று மொழியறிஞர்கள் விளக்குகிறார்கள். நாம் 'சோறு போட்டவர்' என்று சொல்லும்போது வெறும் அரிசிச் சோற்றையா சொல்கிறோம்? உச்சரிக்கும்போது 'லெ'யை அழுத்தி, நடுவில் வரும் 'ஹெ'யைத் தொண்டையிலிருந்து உரசி எடுக்க வேண்டும்.

தமிழ் வேதாகமத்தில் இந்தச் சொல் சில இடங்களில் அப்பம், சில இடங்களில் ஆகாரம். அதனால் ரூத் முதல் அதிகாரத்தின் சிலேடை நமக்குத் தெரியாமலே போகிறது. ரொட்டியின் வீட்டிலேயே பஞ்சம். பிறகு 6-ஆம் வசனத்தில் கர்த்தர் தம் ஜனங்களுக்கு 'ஆகாரம்' அருளுகிறார். மூலத்தில் அது லெஹெம். பெத்லகேமுக்குப் புறப்படுமுன் இந்த அதிகாரத்தை ஒருமுறை வாசித்துவிடுங்கள்.

எருசலேமின் தமஸ்கு வாசல் அருகிலிருந்து பெத்லகேமுக்குப் பேருந்து உண்டு. தூரம் சுமார் 10 கி.மீ. திரும்பும்போது சோதனைச் சாவடியில் பாஸ்போர்ட் கேட்பார்கள், அதை ஓட்டலில் வைத்துவிட்டுப் போகாதீர்கள். பிறப்பு ஆலயத்தின் வாசல் சுமார் 1.2 மீட்டர் உயரம்தான். குனிந்தால் மட்டும் போதாது, முதுகுப் பையையும் கழற்றிவிடுங்கள்; அதுதான் மேலே இடிக்கும். கீழே குகையில், இயேசு பிறந்த இடம் என்று காட்ட 14 முனை வெள்ளி நட்சத்திரம். ஞாயிறு காலையில் வழிபாடு நடப்பதால் வேறு நாளில் போவது நல்லது. ரூத் கதிர் பொறுக்கிய வயல்கள் என்று காட்டப்படுபவை கிழக்கே பெய்த் சாஹூரில் இருக்கின்றன.

லெஹெம் என்று வாய்விட்டுக் கேட்க ஏற்ற இடம் எருசலேமின் மஹனே யெஹுதா சந்தை. வெள்ளிக்கிழமை முற்பகலிலேயே போய்விடுங்கள்; பொழுது சாய்வதற்கு முன்பே கடைகளை அடைத்துவிடுவார்கள். ஓய்வுநாளுக்கான பின்னல் ரொட்டிக்கு ஹல்லா என்று பெயர். இரண்டாக வாங்குவார்கள், வனாந்தரத்தில் ஆறாம் நாள் மன்னா இரட்டிப்பாகக் கிடைத்ததன் நினைவு அது. மேசையில் அவற்றைத் துணியால் மூடிவைத்து, 'பூமியிலிருந்து லெஹெம் வரச்செய்கிறவர்' என்று ஸ்தோத்திரம் சொல்லி, உப்புத் தொட்டு உண்பார்கள்.

ஹல்லா என்பது ரொட்டிக்கு மட்டுமல்ல, பிசைந்த மாவிலிருந்து கர்த்தருக்கென்று பிரித்தெடுக்கும் துண்டுக்கும் பெயர் (எண்ணாகமம் 15:20). மாவு சுமார் 1.66 கிலோவுக்குக் குறையாமல் இருந்தால் ஆசீர்வாதம் சொல்லி ஓர் ஒலிவப்பழ அளவு கிள்ளி, அதை எரித்துவிடுவார்கள். லேவியராகமம் 7:12-இல் இதே சொல்லுக்கு நம் வேதாகமம் தந்திருக்கும் தமிழ்: அதிரசம்!

ஈஸ்டரை ஒட்டிப் போகிறவர்கள் பஸ்கா தேதியையும் பார்த்துக்கொள்ளுங்கள். அந்த ஏழு நாளும் யூத ஓட்டல்களில் லெஹெம் கிடைக்காது, புளிப்பில்லாத மட்ஸாதான். அப்போது ரொட்டி வேண்டுமானால் பழைய நகரின் அரபுக் கடைகளில் எள் தூவிய கஅக் வாங்கலாம்.