கூலன்ட் மாற்றினேன், கணக்கில் கோட்டை விட்டேன்

பழைய வேகன்ஆர் வாங்கி நாலு மாதம். பானெட்டைத் திறந்தால், எஞ்சினைக் குளிர்விக்கும் கூலன்ட் நிற்கிற ரிசர்வ் டப்பாவில் டீ நிறத்தில் ஏதோ நின்றது. முன்பு வைத்திருந்தவர் ஒருமுறை பச்சை, ஒருமுறை சிவப்பு, அவசரத்துக்குப் போர் தண்ணீர் என்று ஊற்றியிருப்பார் போல. தெரிந்த மெக்கானிக் அண்ணன், "கலர்ல என்ன தம்பி இருக்கு, கிடைக்கிறத ஊத்துங்க" என்றார்.

அவர் சொன்னது பாதி சரி. நிறம் வெறும் சாயம்தான். இரண்டு கம்பெனிப் பச்சை ஒன்றாக இருக்க வேண்டியதில்லை. உள்ளிருக்கும் துருத்தடுப்பு மருந்துதான் விஷயம். சிலிக்கேட், பாஸ்பேட் கலந்த பழைய வகை இரண்டு மூன்று வருடம் தாங்கும். ஓஏடி என்கிற ஆர்கானிக் அமில வகை ஐந்து வருடம் வரை போகும். கலந்தால் எஞ்சின் அன்றே போய்விடாது. ஆனால் ஆயுள் குறையும். சில ஜோடிகள் கூழாகி ரேடியேட்டரை அடைக்கும். இதில் என்னென்ன இருக்கிறதென்றே தெரியவில்லை, கழுவிவிட முடிவு செய்தேன்.

எஞ்சின் நன்றாக ஆறிய பிறகே மூடியில் கை வைத்தேன். டிஸ்டில்டு வாட்டர் நிரப்பி, ஹீட்டரை முழுசாகத் திருப்பி, ஃபேன் ஓடும்வரை ஓட்டி, ஆறவிட்டு வடித்தேன். நாலாவது தடவைதான் தண்ணீர் தெளிந்தது. வடித்ததைக் கேனில் அடைத்து வைத்தேன். கூலன்டில் இருக்கும் எத்திலீன் கிளைகால் இனிக்கும், தெரு நாய் நக்கினால் செத்துப்போகும்.

அப்புறம்தான் சொதப்பினேன். பாதிக்குப் பாதி தண்ணீர் கலந்த ரெடிமிக்ஸ் ஓஏடி வாங்கி நிரப்பினால், இரண்டரை லிட்டரோடு வழிந்தது. மொத்தக் கொள்ளளவு சுமார் 4 லிட்டர். மீதி ஒன்றரை லிட்டர் கழுவிய தண்ணீர் எஞ்சின் பிளாக்கிலேயே தங்கிவிட்டது! கிளைகால் அளவைக் காட்டும் ரிஃப்ராக்டோமீட்டரில் ஒரு சொட்டு வைத்துப் பார்த்தேன். உறைநிலை மைனஸ் 37 டிகிரி காட்ட வேண்டியது, மைனஸ் 16க்குப் பக்கத்தில் நின்றது. கிளைகால் 31 சதவீதம்தான். நம்ம ஊரில் உறையப்போவதில்லை, சரி. ஆனால் துருத்தடுப்பும் அதே அளவுக்கு நீர்த்திருக்கிறதே.

அடுத்த ஞாயிறு மறுபடி இரண்டரை லிட்டர் வடித்து, அதே வகையில் தண்ணீர் கலக்காத கான்சன்ட்ரேட் ஒன்றரை லிட்டரும் டிஸ்டில்டு வாட்டர் ஒரு லிட்டரும் ஊற்றினேன். இப்போது மைனஸ் 36. இரண்டு நாளில் காற்று வெளியேறி மட்டம் விரலளவு இறங்கியது, நிரப்பினேன். வகையையும் தேதியையும் மார்க்கரில் எழுதி டப்பாவில் ஒட்டியிருக்கிறேன்.